மழை வந்த பிறகு ஊரை விட்டுப் போனவன்

கல்லூரி மாணவர்கள் சிலருக்கு ‘தோ பீகா ஜமீன்’ படத்தைத் திரையிட்டேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மழைதான் வந்திருச்சே சார், அப்புறம் எதுக்கு அவன் ஊரை விட்டுப் போறான்?”

அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான். விவசாயக் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்புகிறது என்றாலே வெடித்த நிலமும் வற்றிய கிணறும்தான் நம் கண்ணில் வரும். ‘பஞ்சம் பிழைக்கப் போனார்கள்’ என்பது நம் ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சுக்குள் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது: நாலு மழை பெய்தால் போனவர்கள் திரும்பிவிடுவார்கள். ஆனால் பிமல் ராய் 1953இல் எடுத்த இந்த இந்திப் படம் மழையோடுதான் தொடங்குகிறது. இரண்டு வருட வறட்சிக்குப் பிறகு வானம் இருட்டுகிறது, கொட்டித் தீர்க்கிறது, ஊரே பாடி ஆடுகிறது. அதற்கப்புறம்தான் சம்பு மகதோ என்ற விவசாயி கல்கத்தாவுக்கு ரயிலேறுகிறான்.

அவனைத் துரத்தியது ஜமீந்தார் வீட்டுக் கணக்குப் புத்தகம்.

சமூக அறிவியலில் ‘நெருக்கடி இடப்பெயர்வு’ என்று ஒரு சொல் உண்டு. நல்ல சம்பளம், படிப்பு, பட்டணத்து வாழ்க்கை என்று விரும்பிப் போவது ஒரு வகை. போகாவிட்டால் இருப்பதும் கையை விட்டுப் போய்விடும் என்ற நிலையில், மனசில்லாமல் போவது இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். பள்ளிப் புவியியல் பாடத்தில் தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள் என்று இரண்டு பட்டியல் போட்டுப் படித்திருப்போம். ஒரு பக்கம் வறட்சி, வெள்ளம், வேலையின்மை. மறுபக்கம் தொழிற்சாலை, கூலி, மருத்துவமனை. தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு குறிப்பிட்ட குடும்பம் ஒரு குறிப்பிட்ட நாளில் ஏன் மூட்டை கட்டியது என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. வறட்சி இருந்த இரண்டு வருடமும் சம்பு ஊரில்தான் இருந்தான். அவனைக் கிளப்பியது எது என்பதைப் படம் ரூபாய்க் கணக்கில் சொல்கிறது. அதனால்தான் இந்தக் கருத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, பாடப்புத்தகத்துக்கு முன்னால் இந்தப் படத்தைப் பாருங்கள் என்று சொல்லி வருகிறேன்.

இரண்டு பீகா என்றால் எவ்வளவு?

படத்தின் பெயருக்கு ‘இரண்டு பீகா நிலம்’ என்று பொருள். பீகா என்பது வட இந்திய நில அளவு. ஊருக்கு ஊர் மாறும். வங்காளக் கணக்கில் ஒரு பீகா 1,600 சதுர கஜம், அதாவது 14,400 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதைக் கேட்டதும் பொறி தட்டும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. ஒரு மாவும் அதே 14,400 சதுர அடிதான், ஏறக்குறைய 33 சென்ட். ஆக, இந்தப் படத்துக்குக் காவிரிக்கரைத் தமிழில் பெயர் வைத்தால் ‘இரண்டு மா நிலம்’ என்றே வைக்கலாம். மொத்தம் 66 சென்ட், முக்கால் ஏக்கர்கூட இல்லை.

இவ்வளவு சின்ன நிலத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நிறைவாகச் சாப்பிட முடியாது.  இருந்தும் அந்த 66 சென்ட்டை அவன் உயிராக நினைக்கிறான். காரணம் எளிது. சொந்த நிலம் இருக்கும்வரை அவன் விவசாயி. அது போய்விட்டால் கூலிக்காரன். கடைசி நம்பிக்கை, கடன் வாங்கும்போது ஈடு, ஊரில் நாலு பேர் மதிக்கும் மதிப்பு எல்லாமே அந்த 66 சென்ட்தான். சந்தை விலையை வைத்துக் கணக்குப் பார்த்தால் இது பிடிபடாது.

இனி ஜமீந்தார் பக்கம் வருவோம். வங்காளத்திலும் பீகாரிலும் 1793இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தில் ஜமீந்தார்கள் நிலத்தின் உடைமையாளர்களாக ஆக்கப்பட்டார்கள். அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது. குடியானவரிடம் வாங்குவதற்கு அப்படி உறுதியான கட்டுப்பாடு எதுவும் இல்லை. இந்த ஜமீந்தாரே பெரும்பாலும் வட்டிக்குக் கொடுப்பவராகவும், வேலை கொடுப்பவராகவும், ஊரில் பஞ்சாயத்து பேசுபவராகவும் இருந்தார். ஒரே ஆளிடம் நிலத்துக்கும் பணத்துக்கும் கூலிக்கும் கையேந்த வேண்டும். பீகாரில் 1950இலும் மேற்கு வங்கத்தில் 1953இலும் ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. சட்டத்தை எதிர்த்து ஜமீந்தார்கள் நீதிமன்றம் போக, 1951இல் அரசியலமைப்பையே முதல்முறையாகத் திருத்த வேண்டி வந்தது. அந்தச் சண்டை ஓயாத நேரத்தில் வெளிவந்த படம் இது.

படத்து ஜமீந்தார் தன் நிலத்தைப் பட்டணத்து முதலாளிகளோடு சேர்ந்து ஆலை கட்டக் கொடுக்க முடிவெடுக்கிறார். அந்தப் பெரிய நிலப்பரப்பின் நடுவில் சம்புவின் இரண்டு பீகா உட்கார்ந்திருக்கிறது. விற்றுவிடு என்கிறார். முடியாது என்கிறான். அப்படியானால் கடனை நாளைக்கே அடை என்கிறார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடன் நேற்றும் இருந்தது, போன வருடமும் இருந்தது. வறட்சியில் சம்பு தவித்த காலத்தில் யாரும் அதைத் திருப்பிக் கேட்டு நெருக்கவில்லை. நிலம் தேவைப்பட்ட அன்றுதான் கடன் ‘கெடு’ ஆகிறது. ஏழை விவசாயி வாங்கும் கடன் ரொக்கக் கணக்காக மட்டும் இருப்பதில்லை. கொடுத்தவர் கையில் பிடித்திருக்கும் மூக்கணாங்கயிறு அது. தளர்த்தி வைத்திருக்கும்வரை மூக்கில் கயிறு இருப்பதே தெரியாது.

65 எப்படி 235 ஆனது?

சம்புவின் கணக்குப்படி அவன் தர வேண்டியது 65 ரூபாய். வீட்டில் இருந்த சாமான்களையும் மனைவி பார்வதியின் காதணியையும் விற்று அந்த 65 ரூபாயைச் சேர்க்கிறான். கொண்டுபோய் நீட்டினால், கணக்குப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டி 235 ரூபாய் என்கிறார். ஏடு திருத்தப்பட்டிருக்கிறது, வட்டி ஏற்றப்பட்டிருக்கிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. அவர்களிடம் கைநாட்டு வைத்த தாள் இருக்கிறது. சம்புவிடம் அவன் வாய்ச்சொல் இருக்கிறது.

படத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் காட்சிகள்தான். கல்கத்தாக் காட்சிகளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் ஊரை விட்டுக் கிளப்பும் விசை இங்கேதான் இருக்கிறது. எழுதத் தெரிந்தவர் வைத்திருக்கும் கணக்கும், எழுதத் தெரியாதவர் மனசில் வைத்திருக்கும் கணக்கும் மோதும்போது நீதிமன்றத்தில் எது செல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. அவர் முன்னால் இருக்கும் ஆவணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்: மூன்று மாதத்துக்குள் பணத்தைக் கட்ட வேண்டும், தவறினால் நிலம் ஏலம். சட்டம் அதன் வழியில் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் அழியலாம் என்பதை இவ்வளவு அமைதியாகக் காட்டிய படங்கள் குறைவு.

பிமல் ராய்க்கு இந்தக் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொந்த அனுபவம் உண்டு. டாக்கா பக்கத்தில் ஒரு ஜமீந்தார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை இறந்தபின், எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்ட மேலாளர் ஏமாற்றியதில் குடும்பம் சொத்தை இழந்து கல்கத்தாவுக்கு வர நேர்ந்தது. ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் என்னவெல்லாம் செய்யலாம் என்பது அவருக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்திருந்தது.

சம்பு போடும் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். 235 ரூபாய், 90 நாள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 10 அணா (அன்று 16 அணா ஒரு ரூபாய்) மிச்சம் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கும், படுக்க இடத்துக்கும், உடம்பு சரியில்லாத நாளுக்கும் போக மிச்சம். கிராமத்தில் எந்தக் கூலியும் அந்த வேகத்தில் வராது. ஆகவே பட்டணம். அவன் கல்கத்தாவுக்குப் போவது கல்கத்தாவில் வாழ அல்ல, மூன்றே மாதத்தில் ஊருக்குத் திரும்ப. மனைவியும் வயதான தந்தையும் ஊரிலேயே இருக்கிறார்கள். மகன் கன்னையா மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் ரயிலில் ஏறி ஒளிந்து கூடவே வந்துவிடுகிறான்.

நெருக்கடி இடப்பெயர்வில் அடிக்கடி கவனத்தில் விட்டுப்போவது இதுதான். போகிறவர் ஊரை உதறிவிட்டுப் போவதில்லை. ஊரில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போகிறார். பட்டணத்தில் அவர் வயிற்றைக் கட்டுவது, நடைபாதையில் படுப்பது, ஆபத்தான வேலையை ஒப்புக்கொள்வது எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு கெடு காரணமாக நிற்கும். ‘இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் இங்கே கிடக்கிறார்கள், ஊருக்கே போகலாமே’ என்று பட்டணத்துக்காரர்கள் சொல்லும்போது எனக்குச் சம்புவின் 90 நாள்தான் ஞாபகம் வரும்.

கெடுவோடு ஓடுகிறவன்

கல்கத்தாவில் முதல் இரவே மூட்டை திருடு போகிறது. பிறகு ஒரு சேரி, கறாரான ஆனால் ஈரமுள்ள ஒரு வீட்டுக்காரம்மா, கடைசியில் கைரிக்‌ஷா. மனிதனை மனிதன் இழுக்கும் வண்டி. தமிழ்நாட்டில் 1973இல் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது, கொல்கத்தாவில் முழுதாக ஒழியவே இல்லை. மகன் தெருவில் ஷூ பாலிஷ் போடக் கற்றுக்கொள்கிறான்.

படத்தைப் பார்த்த யாரும் மறக்காத காட்சி ஒன்று உண்டு. ஒரு பெண் கோபித்துக்கொண்டு ஒரு வண்டியில் ஏறிப் போகிறாள். அவளைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு ஆள் சம்புவின் ரிக்‌ஷாவில் தாவி ஏறுகிறான். “இன்னும் வேகமா, கூடக் காசு தர்றேன்” என்று தொகையை ஏற்றிக்கொண்டே போகிறான். அவர்களுக்கு அது ஊடல், விளையாட்டு. சம்பு ஓடுகிறான். கேமரா அவன் முகத்தையும் கால்களையும் சக்கரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. கூடுதலாகச் சொல்லப்படும் ஒவ்வொரு ரூபாயும் அவன் காதில் நிலத்தின் ஒரு துண்டாகத்தான் விழுந்திருக்கும். சக்கரம் கழன்று வண்டி கவிழ்கிறது, அவன் அடிபட்டு விழுகிறான்.

அந்த விபத்துக்குச் சக்கரத்தின் மீதோ சவாரிக்காரன் மீதோ மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. கெடு இல்லாத ரிக்‌ஷாக்காரர் அவ்வளவு வேகமாக ஓடியிருக்க மாட்டார். கிராமத்தில் எழுதப்பட்ட 235 என்ற எண், கல்கத்தாத் தெருவில் ஒரு மனிதனின் கால் வேகத்தை முடிவு செய்கிறது. கூலி உழைப்பாளிகளின் விபத்துச் செய்திகளைப் படிக்கும்போது, அவர்கள் எந்தக் கெடுவுக்காக ஓடினார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் காட்சிதான்.

அப்பா படுத்துவிட்டதும் கன்னையா திருட்டுக்கூட்டத்தின் பக்கம் சாய்கிறான். கடிதம் வராமல் பயந்துபோய் பார்வதி தேடிக்கொண்டு பட்டணம் வருகிறாள். கயவன் ஒருவனிடம் சிக்கித் தப்பி ஓடும்போது காரில் அடிபடுகிறாள். அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகக் கூட்டம் கூப்பிடும் ரிக்‌ஷா சம்புவுடையது. இத்தனை பெரிய நகரத்தில் இந்தத் தற்செயல் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தெருவை அப்படியே காட்ட நினைத்த படம் அந்த இடத்தில் நாடகத்துக்குள் நழுவிவிட்டது. ஆனால் அதன் விளைவு பொய்யில்லை. நிலத்துக்காகச் சேர்த்த காசெல்லாம் மருத்துவச் செலவில் கரைகிறது. இன்றைக்கும் ஏழைக் குடும்பங்களைக் கடனில் தள்ளும் காரணங்களைக் கேட்டால் பயிர் நட்டத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவச் செலவும் நிற்கும்.

தெருவுக்கு இறங்கிய படம்

1952 தொடக்கத்தில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் நடந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தை பிமல் ராய் பார்த்தது அந்த விழாவில்தான். படப்பிடிப்பு அரங்கத்தை விட்டுத் தெருவுக்குப் போய், சாதாரண மனிதரின் ஒரு சின்னப் பிரச்சினையைப் பெரிய கதையாக எடுக்கலாம் என்ற துணிவை அது தந்தது. கதையை எழுதியவர் இசையமைப்பாளர் சலில் சௌத்ரி, இந்தியில் இசையமைத்ததும் இதுதான் முதல். ‘செம்மீன்’ பாடல்களால் நமக்குப் பழக்கமான அதே சலில்தான். திரைக்கதையும் படத்தொகுப்பும் ரிஷிகேஷ் முகர்ஜி.

சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி லாகூரில் படித்தவர், சாந்தி நிகேதனில் பாடம் சொன்னவர், லண்டன் பிபிசியில் வேலை பார்த்தவர். இவரா ரிக்‌ஷாக்காரர் என்று பலருக்கும் சந்தேகம். அவர் கல்கத்தாத் தெருவில் நிஜமாகவே வண்டி இழுத்துப் பழகினார். ஒருநாள் மனம் தளர்ந்து உட்கார்ந்திருந்தபோது, நடுவயது ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வந்து என்ன படம், என்ன கதை என்று விசாரித்தாராம். சாஹ்னி கதையைச் சொல்லச் சொல்ல அவர் கண்ணில் நீர் வழிந்தது. பீகாரில் அவருக்கும் இரண்டு பீகா நிலம் இருந்தது, அது ஜமீந்தாரிடம் அடமானத்தில் கிடந்தது, அதை மீட்க அவர் பதினைந்து வருடமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்தார். இது என் கதை என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு நடிப்பைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, அந்த மனிதருக்குப் பட்ட கடனாக அந்த வேடத்தைச் செய்ததாக சாஹ்னி எழுதியிருக்கிறார்.

சம்புவுக்கு மூன்று மாதக் கெடு. அந்த மனிதருக்குப் பதினைந்து வருடம். எழுதிவைத்த கதையைவிட நடப்பு நீண்டதாக இருந்திருக்கிறது.

வங்காளத்துப் பார்வையாளர்களுக்கு இன்னொரு நினைவும் சூடு ஆறாமல் இருந்தது. 1943 பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கல்கத்தாவுக்கு வந்தவர்கள் சோறுகூடக் கேட்கவில்லை, வடித்த கஞ்சித்தண்ணீர் கொடுங்கள் என்றுதான் வாசல் வாசலாகக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் அரிசி வாங்கக் கடைசி நிலத்தையும் விற்ற சிறு விவசாயிகள் ஏராளம். அவர்களில் உயிர் பிழைத்தவர்கள் மழை வந்த பிறகும் திரும்பிப் போக நிலமில்லாமல் நின்றார்கள். அன்று மாணவி கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

கெடுவின் இன்றைய பெயர்

ஜமீந்தார் இன்று இல்லை என்பதால் இது பழைய கதை ஆகிவிடவில்லை. ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபாடா பகுதிகளில் ‘நுவாகாய்’ என்ற புதுநெல் திருநாளை ஒட்டி, செங்கல் சூளைகளுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் வந்துவிடுவார்கள். பண்டிகைச் செலவு, கல்யாணம், பழைய கடன் என்று கையில் காசில்லாத நேரம் பார்த்து முன்பணம் கொடுப்பார்கள். கணவன், மனைவி, பிள்ளை சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு ‘பத்துரியா’ என்று பெயர், அது ஒரு கணக்கு அலகு. தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டில் திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்கும் இப்படி வருகிறார்கள். மழைக்காலம் தொடங்கும்வரை கல் அறுத்து முன்பணத்தைக் கழிக்க வேண்டும். கழிந்ததா, மிச்சம் எவ்வளவு என்று எழுதும் நோட்டு சூளைக்காரரிடம்தான் இருக்கும். கொத்தடிமை முறை 1976லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது, நோட்டு மட்டும் இன்னும் கை மாறவில்லை.

ஆகவே ஒரு இடப்பெயர்வு விருப்பமா, நெருக்கடியா என்று தெரிந்துகொள்ள நான் மூன்று கேள்வி கேட்பேன். கிளம்பும்போது கையில் வாங்கியது கூலியா, கடனா? கணக்கு நோட்டு யார் கையில்? நினைத்த நாளில் ஊர் திரும்ப முடியுமா? மழை பெய்ததா என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான்.

படத்தின் பெயர் தாகூர் 1890களில் எழுதிய ஒரு வங்கக் கவிதையிலிருந்து வந்தது. அதில் உபேன் என்ற ஏழைக்கு எல்லாம் கடனில் போய் இரண்டு பீகா மட்டும் மிஞ்சுகிறது. தன் தோட்டத்தின் நீளமும் அகலமும் சமமாக வர வேண்டும் என்பதற்காக ஊர்ப் பெரியவர் அதைக் கேட்கிறார். தர மறுத்ததும் பொய்க் கடன் காட்டித் தீர்ப்பு வாங்கி எடுத்துக்கொள்கிறார். பல வருடம் அலைந்து திரும்பிய உபேன், தன் பழைய மாமரத்தடியில் உட்காருகிறான். காற்றில் இரண்டு பழம் மடிக்குப் பக்கத்தில் விழுகிறது. தோட்டக்காரன் பிடித்துக்கொண்டு போக, பெரியவர் அவனைத் திருடன் என்கிறார்.

படத்தில் நிலம் ஏலம் போய், ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. சம்புவும் பார்வதியும் கன்னையாவும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். சம்பு குனிந்து ஒரு பிடி மண் எடுக்கிறான். காவல்காரன் ஓடிவந்து, எதைத் திருடுகிறாய், கையைக் காட்டு என்கிறான். சம்பு விரலை விரிக்கிறான், மண் கீழே கொட்டுகிறது.